முந்திரிக் கொட்டகைக்கு வந்த ரோபோ

அந்த வெளிநாட்டுக்காரர் முந்திரி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று கொட்டகை முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது. போனில் பேசும்போது, "ஏற்றுமதி சம்பந்தமா ஒருத்தரு பாக்க வாராருண்ணே" என்று மட்டும் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஏற்றுமதி என்றால் நம்மிடமிருந்து பொருள் போவது. அப்படித்தான் அவரும் புரிந்துகொண்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தண்ணீர் தெளித்த வாசல், மேசையில் நாலு எவர்சில்வர் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு ரகப் பருப்பு.

வந்தவர் ஒரு பருப்பை எடுத்துத் தின்றார். நன்றாக இருக்கிறது என்றார். இன்னொன்று எடுத்தார்.

"எத்தன டன்னு எடுப்பாராம்?" என்று முதலாளி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, அவரு வாங்க வரல. விக்க வந்திருக்காரு."

"என்னத்த?"

"ரோபோ."

அவர் என்னைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், பிறகு வந்தவரைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இந்தச் சட்டையப் போட்டிருக்கவே மாட்டேனே தங்கச்சி" என்றார். ஆனாலும் தட்டை நகர்த்தவில்லை. வந்தவர் தின்று முடிக்கும்வரை நின்றிருந்தார்.

நான் ஆலங்குடிக்காரி. சென்னையில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு, கடிதம் எழுதிக் கொடுப்பது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று கிடைத்ததைச் செய்துவந்தேன். அப்போதுதான் பழைய பழக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு மேலாளர் கூப்பிட்டார். ஐரோப்பாவில் ஒரு நாட்டைச் சேர்ந்த இயந்திரக் கம்பெனிகள் சில ஒன்றுசேர்ந்து, ரோபோவும் செயற்கை நுண்ணறிவும் இந்தியாவில் எங்கெங்கே விற்கும் என்று பார்க்கின்றன. பெரிய ஊர்களை வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். உணவுப்பொருள் தொழில் இருக்கும் சின்ன ஊர்களுக்கு ஆள் வேண்டும். உங்கள் மாவட்டத்தை நீங்கள் பார்க்கிறீர்களா?

பார்க்கிறேன் என்றேன். முப்பத்தெட்டுப் பக்கப் படிவம் ஒன்று வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை 'வாய்ப்பு' என்ற சொல்லை எத்தனை முறை எழுதியிருந்தார்களோ, நான் எண்ணவில்லை. கூடவே அந்த வெளிநாட்டுக்காரரையும் அனுப்பினார்கள், அவர் ஒரு பொறியாளர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான உடம்பு, இரண்டு நாள் வெயிலிலேயே சிவந்துபோன கழுத்து, குறைந்த பேச்சு. மணமேல்குடியில் ஒரு மீன் பதனிடும் இடத்துக்கும், கடலை உடைக்கும் ஆலை ஒன்றுக்கும் போனோம். இரண்டு இடத்திலும் மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகத்தான் இந்த முந்திரிக் கொட்டகை.

உள்ளே பன்னிரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவித்து ஆறவைத்த கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, காலால் மிதித்து இயக்கும் வெட்டுக் கருவியில் பிடித்து உடைக்க வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் படும். அது சாதாரண எண்ணெய் இல்லை. பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். சாம்பலும் விளக்கெண்ணெயும் பூசிக்கொண்டு உட்காருவார்கள். உறை போட்டால் கொட்டையின் முனை பிடிபடாது, விரல் வெட்டில் மாட்டிக்கொள்ளும் என்பார்கள்.

பொறியாளர் ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றார், அரைமணி நேரத்துக்கு மேல் நகரவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், கழுத்தில் செபமாலை. கொட்டகையில் எல்லாரையும்விட வேகமாக, உடையாமல் முழுப்பருப்பு எடுப்பவர் அவர்தான் என்று முதலாளி சொன்னார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

"ஏம்மா, இவரு என்ன, சாமி பாக்குற மாதிரி பாக்குறாரு?" என்றார் அக்கா. மற்றவர்கள் சிரித்தார்கள்.

கையைப் பார்க்கலாமா என்று பொறியாளர் கேட்டார். அக்கா சாம்பலைத் துடைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல்நுனிகள் கறுத்து, தோல் அடுக்கடுக்காக உரிந்து, பெருவிரல் நகம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு இருந்தது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எடுத்துக்கச் சொல்லுங்க. மொகம் மட்டும் வேணாம்."

வலிக்குமா என்று கேட்டார். "வலியெல்லாம் பழகிப்போச்சும்மா. ரேசன் கடைதான் கஷ்டம்" என்றார் அக்கா. பொறியாளருக்குப் புரியவில்லை. அக்கா எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். ரேசன் கடையில் விரலை வைத்தால் ரேகை பதிவதில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். அவர் போனுக்கு வரும் எண்ணைக் கேட்டுச் சொன்னால்தான் அரிசி. அவர் வேலையில் இருக்கும்போது போனை எடுக்க மாட்டார். அக்கா வரிசையிலிருந்து விலகி நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பொறியாளர் குறிப்பேட்டில் எதையோ நீளமாக எழுதினார். காரில் திரும்பும்போது ஆதனக்கோட்டைவரை அந்தக் குறிப்பையே திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம் சொன்னார்: மருந்துக் குப்பிகளை எடுத்து அடுக்க எங்களிடம் ஒரு இயந்திரம் இருக்கிறது. ஒரு கேமரா, இரண்டு மெலிந்த கைகள். கொட்டையைப் பார்த்து, திருப்பி, சரியான இடத்தில் வெட்ட அதைப் பழக்க முடியும். நான் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

நான் அவரை நம்பினேன். இப்போதும் அந்த நாளை நினைத்தால் அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபம் வேறு ஆட்கள் மேல். என் மேலும்.

இயந்திரம் கப்பலேறி வந்தது, ஆனால் துறைமுகத்தில் நின்றுவிட்டது. அவர்கள் அனுப்பிய தாளில் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறிவார்ந்த தன்னியக்கத் தீர்வுத் தளம்' என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். அது இயந்திரமா, கணினியா, மென்பொருளா, எந்தத் தலைப்பில் அதைச் சேர்ப்பது என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். 'முந்திரிக் கொட்டை உடைக்கும் இயந்திரம், சோதனை ஓட்டத்துக்கு, பிறகு திருப்பி அனுப்பப்படும்' என்று எழுதுங்கள் என்று நான் மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த வேலையைப் பதினோரு வருடம் செய்தவள் நான். அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து பதில் வந்தது: அப்படி எழுதுவது துல்லியமாக இருக்காது, ஏனென்றால் இது முந்திரி மட்டும் உடைப்பதில்லை. மறுபடி எழுதினேன். மறுபடி அதே பதில், வேறு ஒருவர் கையெழுத்தோடு. ஆறு கடிதம், ஐந்து வாரம். ஐந்து வாரமும் பெட்டி அங்கேயே கிடந்தது. கடைசியில் நான் எழுதிய வாசகத்தையே அப்படியே எழுதி அனுப்பினார்கள். அதைத் தங்கள் யோசனை மாதிரி எனக்கும் ஒரு நகல் போட்டிருந்தார்கள்.

ஒருவழியாகக் கொட்டகையில் இறங்கியது. பொறியாளரும் வந்தார். மின்சாரம் ஏறி இறங்குவதைச் சமாளிக்கத் தனிப் பெட்டி, தூசி படாமல் இருக்கக் கண்ணாடித் தடுப்பு எல்லாம் வைத்தார். ஓட்டிக் காட்டியபோது அந்தக் கைகள் நகர்ந்த அழகைப் பார்த்துப் பெண்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்ட கொட்டைகளை அது எடுக்கவே இல்லை. கேமரா பார்த்துவிட்டு, இது கொட்டை இல்லை என்று தள்ளிவிட்டது.

"இது கொட்ட இல்லையாமா?" முதலாளி சிரிக்கவா கோபப்படவா என்று தெரியாமல் கேட்டார். "நாப்பது வருசமா எங்க குடும்பம் என்னத்தத்தான் ஒடச்சுக்கிட்டு இருக்காம்?"

பொறியாளருக்குக் காரணம் தெரிந்தது. அதற்குக் காட்டிய படங்கள் எல்லாம் வேறு நாட்டுக் கொட்டை. பெரியது, வெளிறிய நிறம். எங்கள் பக்கத்துக் கொட்டை சின்னது, வளைவு அதிகம், அவித்தால் கறுத்துவிடும். இங்கேயே புதிதாகப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்திலும் எது எந்தப் பக்கம், எங்கே வெட்ட வேண்டும், எது சொத்தை என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். கொட்டையை நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

பத்து நாள் அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். தொடுதிரை அவர் விரலுக்கு அசையவில்லை. மௌஸ் கொடுத்தோம். முதல் நாள் அது கைக்கு அடங்காமல் திரை முழுக்க ஓடியது; மூன்றாம் நாள் என்னைவிட வேகமாக இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டேன்.

"இது மூக்கு. இது வயிறு. வயித்துப் பக்கம் வெட்டுனா பருப்பு ரெண்டாப் போயிரும். இதப் பாருங்க, இது ஈரம் போகல, இத இன்னிக்கு வெட்டவே கூடாது. நாளைக்கிக் காஞ்சப்புறம் வெட்டணும்."

"ஈரம்னு எப்படிக்கா தெரியுது?"

"தெரியுதும்மா. இங்கிட்டு ஓரத்துல மினுமினுன்னு இருக்கு பாருங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொறியாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இருந்தது. அவர் அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. ஈரத்துக்குத் தனியாக ஒரு பிரிவு வைக்க வேண்டும், இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை என்றார். அதை அக்காவிடம் சொன்னேன். "சோத்துக்குப் போகச் சொல்லுங்க அவர" என்றார் அக்கா.

நடுவில் இயந்திரம் தப்புச் செய்தால் திட்டுவார். "ஏ கூறுகெட்டது, அது சொத்த. அதப் போயி எடுக்குற." பொறியாளருக்கு என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும். தவறான தேர்வு என்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

பதினோராம் நாள் ஓட்டினோம். தள்ளுவது நின்றிருந்தது. ஓடு தனியாக, பருப்பு தனியாக விழுந்தது. முழுப்பருப்பு எவ்வளவு என்று முதலாளி தானே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். அக்கா கையால் எடுப்பதற்கு ஒரு மாற்றுக் குறைவு, மற்றவர்களைவிட மேல். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "இத எங்கிட்டயே விட்டுட்டுப் போகச் சொல்லு தங்கச்சி" என்றார். முதல் நாள் அந்தச் சட்டையைப் போட்டதற்கு வருந்திய மனிதர்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நன்றாகவே போயின. பெண்கள் தட்டில் கொட்டையைப் பரப்பி வைப்பார்கள், வரும் பருப்பை வாங்கி உலரவைப்பார்கள். ஓட்டு எண்ணெய் யார் கையிலும் படவில்லை. சில பேருக்கு ஒரு மாதத்திலேயே தோல் மாறியது. ஒருநாள் காலையில் அக்கா போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏம்மா, பதிஞ்சிருச்சு!"

"என்னக்கா?"

"வெரலு! ரேசன் கடையில. வலது கை நடு வெரலு. மெசினு பச்ச லைட்டு போட்டுச்சு. திருப்பூருக்குப் போனே போடல நானு."

அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். படிவத்தின் கடைசிப் பகுதியை நிரப்ப உட்கார்ந்தது அதற்கு அடுத்த வாரம்.

அந்தப் பகுதியில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு இயந்திரம் எத்தனை ஆட்களைக் குறைக்கும்? அதைத் தவிர்க்க வழியில்லை. நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. முதலாளியிடம் கேட்டேன். "மூணு பேரு போதும். மிச்சம் ஒம்போது பேர நான் வெளியவா அனுப்பப் போறேன்? தோலு உரிக்க ஆளு பத்தல. அங்கிட்டு மாத்திருவேன்" என்றார். பருப்பின் மேல்தோல் உரிக்கக் கூலி குறைவு. அதை நான் கேட்டபோது, அதையெல்லாம் பேசிக்கலாம் என்றார்.

அக்காவும் அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தார். "மெசினு நெரந்தரமா வந்துட்டா எங்கள என்ன பண்ணுவாகம்மா?" பொறியாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அது முதலாளி முடிவு செய்ய வேண்டியது என்றார். அவர் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

படிவத்தில் 'குறைப்பு இல்லை. ஒன்பது பேர் வேறு வேலைக்கு மாற்றம். கைக் காயம் நிற்கிறது' என்று எழுதி அனுப்பினேன். சென்னை மேலாளர் அன்று சாயங்காலமே கூப்பிட்டார்.

"என்ன மேடம் இது? குறைப்பு இல்லன்னா எதுக்கு ஒருத்தர் இத வாங்கணும்?"

"கையில காயம் படாம இருக்கறதுக்கு. முழுப்பருப்பு கூடக் கிடைக்கறதுக்கு."

"காயத்துக்கு நம்ம படிவத்துல கட்டம் இல்ல மேடம். ஆள் எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருக்கு. ஒன்பதுன்னு போடுங்க. அது பொய்யும் இல்லையே, வெட்டுற வேலையிலேருந்து ஒன்பது பேர் குறையறாங்கல்ல?"

பொய் இல்லைதான். மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. இந்த எண் இருந்தால் கம்பெனி சீக்கிரம் சரி என்று சொல்லிவிடும், இயந்திரம் இங்கேயே நிற்கும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒன்பது என்று அடித்தேன். அடுத்த பக்கம் திறந்தது.

ஒன்பது போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காணொளிக் கூட்டம். கம்பெனியிலிருந்து மூன்று பேர், சென்னையிலிருந்து மேலாளர், இங்கே நான். பொறியாளரும் திரையில் ஒரு கட்டத்துக்குள் தெரிந்தார். விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் அழகான படங்களைப் போட்டு விளக்கினார். சோதனை மிகப் பெரிய வெற்றி. நன்றி. ஆனால் இந்த மாவட்டத்துக் கொட்டகைகள் மிகச் சிறியவை. ஒரே இடத்தில் நிறைய இயந்திரம் வாங்கும் தொழிற்சாலைகளுக்குத்தான் பராமரிப்பு ஆட்களை அனுப்ப முடியும். அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் வேறொரு நாட்டில் இருக்கின்றன. எனவே இந்த மாவட்டம் முதல் கட்டத்தில் இல்லை.

"இங்க மூணு முதலாளிங்க சேர்ந்து வாங்கத் தயாரா இருக்காங்க" என்றேன். உண்மைதான், நான் ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் அலைந்து பேசிவைத்திருந்தேன். "இன்னும் பத்து பேர்கிட்டப் பேச முடியும். ஆள் இங்கயே பழக்கிக்கலாம். எங்க மாவட்டத்துல பாலிடெக்னிக் படிச்ச பசங்க எவ்வளவு பேர் இருக்காங்க தெரியுமா?"

ஆர்வத்துக்கு நன்றி என்றார். எதிர்காலக் கட்டங்களில் கவனிப்போம் என்றார். சோதனை இயந்திரம் தற்காலிக அனுமதியில் வந்தது, தேதி முடிவதற்குள் அதைத் திருப்பி அனுப்ப உதவுங்கள் என்றார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் கொட்டகையில் இருக்கும் ஒரு பெண் பத்து நாள் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தது என்ன ஆகும்? அது இயந்திரத்துக்குள் இருக்கிறது, இயந்திரத்தோடு வந்துவிடும், அது கம்பெனிக்குச் சொந்தமானது என்றார். அந்தப் படங்களின் ஒரு பிரதியையாவது கொடுங்கள் என்றேன். சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார். சட்டப் பிரிவு என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பொறியாளர் தன் கட்டத்தில் குனிந்தபடியே இருந்தார். கூட்டம் முடிந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பினார்: நான் வாதாடினேன், என்னால் முடியவில்லை, மன்னியுங்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். தட்டில் கொட்டை பரப்பிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"அப்ப அது இங்க இருக்காது."

"இருக்காதுக்கா."

"நான் சொல்லிக்குடுத்தது?"

"அதுக்குள்ள இருக்கு. அதோட போயிரும்."

அடுத்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பத்து நாளு நான் யாருக்கும்மா வேல பாத்தேன்?" என்றார். கூலி வந்துவிட்டதே என்று யாராவது சொல்லலாம். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டே நாளில் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த முறை தாளில் பெயர் எழுதுவதில் எந்தச் சிக்கலும் வரவில்லை. அதற்கு நாலைந்து நாள் கழித்து முதலாளி என்னை போனில் கூப்பிட்டார். குரலில் பழைய தன்மை இல்லை.

"தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போ. நீ கூட்டியாந்த ஆளு கெடுத்துட்டுப் போயிட்டாரு எல்லாத்தையும்."

போனேன். கால்மிதிக் கருவிகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். யாரும் உட்காரவில்லை. பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அக்கா முன்னால் நின்றார்.

"வெட்ட மாட்டாகளாம்" என்றார் முதலாளி. "பதினஞ்சு வருசமா வெட்டுன கைதான? இப்ப என்ன புதுசா? நானா மெசின அனுப்புனேன்?"

"நீங்க அனுப்பலண்ணே. ஆனா நாங்க இனிமே வெட்டல" என்றார் அக்கா. "தோலு உரிக்கிறோம். காயப்போடுறோம். மூட்ட தூக்கச் சொன்னாலும் தூக்குறோம்."

"நீங்க எல்லாரும் தோலு உரிச்சா கொட்டைய யாரு ஒடைக்கிறது? வேற ஆளு பாத்துக்கிருவேன் நான்."

"பாருங்க. வாற ஆளுககிட்ட எங்க கையவும் காட்டுங்க. மொத இருந்த கையவும் காட்டுங்க, இப்ப இருக்குற கையவும் காட்டுங்க. அப்புறமும் வெட்டுறேன்னு வந்தாகன்னா வெட்டட்டும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். நீ சொல்லு என்பது போல. அப்போதுதான் நான் சொன்னேன். படிவத்தில் ஒன்பது பேரைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொடுத்தது நான்தான் என்று. ஏன் அங்கே, அந்த நேரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒளித்துவைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

முதலாளி இரண்டு வாரம் ஆள் தேடினார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி மத்தியானத்தோடு போய்விட்டாள். கொட்டை மூட்டை தேங்கியது. பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் போய், கேமரா எதுவும் இல்லாத ஒரு வெட்டு இயந்திரம் வாங்கி வந்தார். கொட்டையை அளவு பிரித்துப் போட்டால் அதுவே வெட்டும். எங்கள் கொட்டையின் வளைவுக்கு அது ஒத்துவரவில்லை, உடைசல் அதிகம். ஆனால் கையில் எண்ணெய் படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நாலு பேர் உறை போட்டுக்கொண்டு அதை ஓட்டுகிறார்கள். ஐந்து பேர் தோல் உரிக்கிறார்கள், அக்கா அதில் ஒருவர். மூன்று பேர் வேலையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறார்கள். குறையும் என்று நான் எழுதிய ஒன்பது இதில் எதற்கும் பொருந்தவில்லை.

அறிக்கை வெளிவந்ததும் எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். வழவழப்பான தாள். 'கண்டறியப்படாத வாய்ப்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே முழுப் பக்கத்துக்கு இரண்டு கைகள். முகம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். அனுமதி பெற்றுத்தான் எடுத்தோம், நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்கள் என்று பதில் வந்தது. அதுவும் பொய் இல்லை. இந்த வேலையில் எல்லாரும் என்னிடம் உண்மையை மட்டுமே பேசினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது.

கொஞ்ச நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு முதலாளியே கூப்பிட்டார். கோயம்புத்தூரில் அந்த இயந்திரம் செய்கிற பட்டறைக்காரர், கேமரா வைத்து ஒன்று செய்ய யோசிக்கிறாராம், வந்து பேச முடியுமா என்றார். நானும் முதலாளியும் அக்காவும் போனோம். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேமராவும் கையும் பெரிய விஷயமில்லை, படங்கள்தான் வேண்டும் என்றார். எது எந்தப் பக்கம் என்று குறித்த படங்கள், ஆயிரக்கணக்கில். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மறுபடி மொதல்லேருந்தா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் பட்டறைக்காரர்.

"இந்தத் தடவ சொல்லிக்குடுக்குறது எங்ககிட்டயே இருக்குமா?"

அதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்வோம் என்றார் அவர். பொங்கல் கழித்துக் கேமரா வாங்கிக்கொண்டு தானே ஆலங்குடி வருவதாகச் சொன்னார். பொங்கல் போய்விட்டது. மாசியும் போய், பங்குனி பாதி ஆகிவிட்டது. நான் நாலு முறை போன் செய்தேன். இரண்டு முறை எடுத்தார், வேலை நெருக்கடி என்றார். இரண்டு முறை எடுக்கவில்லை.

போன வாரம் புதுக்கோட்டை பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் திரும்பி, "போன் எடுத்தாராம்மா?" என்றார்.

"எடுக்கலக்கா."

"எடுக்கலன்னா அப்புடியே விட்டுருவோமா?"

எனக்குச் சலித்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ் நின்றதும் அக்கா எழுந்து, பைக்குள் தேடி ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பட்டறை அட்ரஸ எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நானே பஸ் ஏறிப் போயி, ஆளப் பாத்துக் கேட்டுட்டு வாரேன்."

டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இடம் போதாமல் ஊர்ப் பெயர் ஓரத்தில் மடங்கிப் போனது. அவர் அதைப் படித்துப் பார்த்து, ஒரு எழுத்து புரியவில்லை என்று கேட்டுத் திருத்தி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.